மாறனேரி நம்பியின் சரமகைங்கர்யமும் நம் தெருவில் நேர்ந்த ஒரு மரணமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியாகிய ‘பயிலும் சுடரொளி’ இம்மாதப் பாடத்துக்கு அடிப்படை. பாசுரந்தோறும் பதவுரை கூறுவது இங்கு நம் நோக்கமன்று. இத்திருவாய்மொழியின் பொருளை ஒரு மஹான் எவ்வாறு நடத்திக் காட்டினார், அடியோம் எங்கே தவறினோம், இனி நம் கோஷ்டிகள் செய்யவேண்டுவது யாது என்னும் மூன்றையே விண்ணப்பிக்கிறோம். அடியோம் வணிகவியல் கற்று, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். சாஸ்திர விஷயத்தில் பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும். கணக்கு, காகித விஷயங்களை மட்டும் சற்றுத் துணிந்து எழுதுகிறோம்.

1. பெரியநம்பிகள் செய்தருளியது

எம்பெருமானுக்கு அடியவராய் இருப்பவர் எக்குலத்தில் பிறந்தவரேயாயினும் அவரே நமக்கு ஸ்வாமி என்பது இப்பதிகத்தின் திரண்ட பொருள். இதைச் சேவிப்பது எளிது. இதன்படி நடப்பது எவ்வளவு அரிது என்பதைக் குருபரம்பரை காட்டுகிறது.

ஆளவந்தார் திருவடிகளில் ஆச்ரயித்தவர்களுள் மாறனேரி நம்பி ஒருவர். குலத்தால் தாழ்ந்தவர் என்று உலகம் எண்ணியவர். ஆசார்யனுக்கு நேர்ந்த ராஜபிளவை நோயைப் பிரசாதமாக வேண்டிப் பெற்றுத் தாம் அநுபவித்தவர். அந்திமதசையில் அவருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. ஆசார்ய ஸம்பந்தம் பெற்ற தம் சரீரம், அந்த ஸம்பந்தத்தின் பெருமை அறியாத தேஹபந்துக்கள் கையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதே அது. இதைத் தம் ஸப்ரஹ்மசாரியான பெரியநம்பிகளிடம் விண்ணப்பித்தார். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபின், பெரியநம்பிகள் தாமே முன்னின்று ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தருளினார்.

திருவரங்கத்தில் இருந்தவர்கள் இதைப் பொறுக்கவில்லை. நம்பிகளை விலக்கி வைத்தனர். உடையவர் நம்பிகளை அணுகி, மரியாதையைக் காக்கவேண்டிய தேவரீரே இவ்வாறு செய்யலாமோ என்று கேட்டார். அறியாமல் கேட்டவரல்லர். நம்பிகளின் வாயாலேயே ஊரார் தெளியவேண்டும் என்று கேட்டார் என்பர் பெரியோர். நம்பிகள் சக்ரவர்த்தித் திருமகன் ஜடாயுவுக்குச் செய்ததை எடுத்துக்காட்டினார். தருமபுத்திரர் விதுரரைப் போற்றியதையும் காட்டினார். ‘பயிலும் சுடரொளி’யும் ‘நெடுமாற்கடிமை’யும் நாம் அநுஷ்டிப்பதற்காக அருளப்பட்டவையே, வெறும் ஓசைக்காக அல்ல என்று நிலைநாட்டினார்.

மதுராந்தகத்தில் உடையவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளிய ஆசார்யன் இப்பெரியநம்பியே என்பதை வாசகர் அறிவர். 1017-ல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்து 1137-ல் திருவரங்கத்தில் பரமபதித்த எம்பெருமானாரின் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், இந்தச் சரிதத்தைக் கதையாக மட்டும் கேட்டுப் போவது முறையாகாது.

2. திருப்புட்குழி சொல்லும் பொருள்

பெரியநம்பிகள் எடுத்துக்காட்டிய ஜடாயு மோக்ஷத்தை நினைவூட்டும் திவ்யதேசம் நமக்கு அருகிலேயே உள்ளது. ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்று, காஞ்சீபுரத்தைத் தாண்டினால் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டித் திருப்புட்குழி. அங்கே எழுந்தருளியிருப்பவர் விஜயராகவப் பெருமாள். புஷ்கரிணிக்கு ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். உடையவர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊரும் இதுவே.

ஆரணிய காண்டத்தில் இவ்விடத்தை ஊன்றி நோக்கவேண்டும். பிராட்டியைப் பிரிந்து, எத்திசையில் தேடுவது என்றும் அறியாமல் தவித்த நேரம் அது. ஒரு நொடியும் வீணாக்கலாகாத அவசரம். அந்நிலையிலும் பெருமாள் நின்றார். இளைய பெருமாளைக் கொண்டு விறகு சேர்த்தார், ஈமச்சடங்கு செய்தார், கோதாவரியில் நீர்க்கடன் செலுத்தினார். அதன் பிறகே தேடல் தொடர்ந்தது. ‘எனக்கு வேலை இருக்கிறது’, ‘அவர்கள் மனிதர்கள் வரட்டும்’ என்னும் இரண்டு சாக்குகளுக்கும் இங்கே இடமில்லாமல் போகிறது.

3. அடியோங்கள் தவறிய இடம்

ஒரகடம் இன்று எவ்வூர் மக்களும் கூடும் ஊர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்பூதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் அவ்விடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்கென 2024-ல் திறக்கப்பட்ட விடுதி ஒன்றிலேயே 18,720 பேர் தங்கலாம். தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நம் தெருக்களில் ஒற்றை அறைகளில் குடியிருக்கிறார்கள். இவர்களுள் ஒருவருக்கு மரணம் நேர்ந்தால் உறவினர் வந்துசேர ஒரு பகலும் இரவும் ஆகும்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. ஆழ்வார்திருநகரிப் பக்கத்து இளைஞர். உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணி. மனைவி, நான்கு வயது மகன். சனிக்கிழமை மாலை எங்கள் திருவாய்மொழி வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து பாடம் கேட்பார். ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து இருசக்கர வண்டியில் திரும்புகையில், விடியற்காலையில், லாரி மோதி அங்கேயே உயிர் நீத்தார். பிரேதப் பரிசோதனை முடிந்து பிற்பகலில் திருமேனி வீட்டு வாசலுக்கு வந்தது. ஊரில் இருந்த பெற்றோர் பயணம் செய்ய இயலாத முதியவர்கள். இங்கேயே முடித்துவிடும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் கோஷ்டி எதிர்வீட்டுத் திண்ணையில் கூடி நின்றது. ‘அவர்கள் வழக்கம் என்னவோ’ என்றார் ஒருவர். ‘எந்தக் குலமோ, யார் தொடுவது’ என்றார் மற்றொருவர். அடியோங்கள் எதுவும் சொல்லவில்லை. முந்தைய வாரம் ‘பயிலும் சுடரொளி’க்குப் பொருள் சொன்னவர்கள் அடியோங்களே. ஏறக்குறைய மூன்று மணி நேரம் அப்படியே கழிந்தது. பிறகு அந்தப் பெண்ணே எழுந்து வந்து கேட்டாள்: “சாமி, சனிக்கெழமதோறும் அவுக பாசுரம் கேக்கத்தான உங்க வீட்டுக்கு வந்தாக. இன்னிக்கு ஒங்கள்ல ஒருத்தராச்சும் வந்து சொல்லமாட்டீகளா?”

போனோம். எங்களுடன் வந்தவர் இருவர் மட்டுமே. திருமண் சாற்றி, ‘சூழ்விசும்பு’ என்னும் திருவாய்மொழியையும் இராமாநுச நூற்றந்தாதியையும் சேவித்தோம். திருமேனியைச் சுமந்த நால்வரில் மூவர் அவரோடு வேலை செய்த ஒடிசாக்காரர்கள். அவர்களுக்கு நம் பாசுரம் ஒன்றும் தெரியாது. ஆனால் காலையிலிருந்து அவ்விடத்தை விட்டு நகராமல் நின்றவர்கள் அவர்களே. பெரியநம்பிகளின் பாடத்தை அன்று நடத்தியவர்கள் யார் என்பதை வாசகர்கள் தீர்மானிக்கலாம்.

அதன்பின் அக்குடும்பத்துக்கான காகிதப் பணிகளை அடியோங்கள் ஏற்றுக்கொண்டோம். அந்த மூன்று மணி நேரத்துக்கு அது ஈடாகாது. எனினும் ஒன்று கற்றோம்: திருமேனிக்குச் செய்வதோடு சரமகைங்கர்யம் நிறைவதில்லை. பின்தங்கியவர்கள் பசியின்றி, அலைச்சலின்றி இருக்கச் செய்வதும் அதன் பகுதியே. கற்றவற்றை இனி முறைப்படி எழுதுகிறோம்.

4. முதல் சில மணி நேரம்

வீட்டில் இயற்கை மரணமாயின், முதலில் மருத்துவரை அழைத்து மரணத்தை உறுதி செய்து, காரணம் குறித்த சான்றைப் பெறவேண்டும். மயானத்திலும் பதிவாளரிடமும் அதுவே முதல் ஆவணம். கண்தானம் செய்ய விரும்பியிருந்தவராயின் 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லவேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைப்பது நலம்.

விபத்து, தற்கொலை, தொழிற்சாலை மரணம், சந்தேகத்துக்கு இடமான மரணம் ஆகியவற்றில் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்காமல் தகனம் செய்யக் கூடாது. முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் பின்னர் எல்லா உரிமைகளுக்கும் வேர். துக்கத்தில் ‘அறுக்க வேண்டாம்’ என்று மன்றாடுவோரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவர் உடனிருக்க வேண்டும்.

108 ஊர்தி நோயாளிகளுக்கானது. அரசு மருத்துவமனையிலிருந்து திருமேனியைக் கொண்டுவர, தமிழக அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு. அதன் எண் 155377. வெளிமாநிலத்தவரை விமானத்தில் அனுப்புவதாயின் மருத்துவச் சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, உடல் பதப்படுத்தியதற்கான சான்று, முறையான பெட்டி ஆகியவை வேண்டும்.

5. ஸம்ஸ்காரம்

திருமந்திரம், த்வயம், சரமச்லோகம் ஆகியவற்றைச் செவியில் ஓதுதல், ஸ்ரீபாத தீர்த்தம், திருத்துழாய், திருமண் காப்பு, ஸ்ரீசூர்ண பரிபாலனம், பாசுர கோஷ்டி, தகனம், ஸஞ்சயனம், பத்தாம் நாள் முதலான காரியங்கள் என்பது பொதுவான வரிசை. கலைக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப வேறுபாடு உண்டு. அந்தந்த இல்லத்தின் ஆசார்யன் நியமனமே பிரமாணம். வேறு வழக்கத்தைச் சேர்ந்த இல்லமாயின் அவர்கள் முறையை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. அவர்கள் வேண்டினால் பாசுரம் சேவிக்கவும், வேண்டாவிடினும் தோள் கொடுக்கவும் நமக்குத் தடையில்லை.

மயானத்தில் தரும் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். செலவு செய்தவர் பெயரில் ரசீது இருக்கட்டும். காரணம் ஏழாம் பகுதியில் வரும்.

6. 21 நாள்

மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்தோடு செய்யலாம். அதற்குமேல் ஓராண்டு வரை மேலதிகாரியின் அனுமதியும் சுயசான்றொப்பமிட்ட ஆவணமும் வேண்டும். ஓராண்டைக் கடந்தால் நடுவரின் ஆணை தேவை. மருத்துவமனையில் நேர்ந்த மரணத்தை மருத்துவமனையே தெரிவிக்கும். வீட்டில் நேர்ந்ததைக் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும். கிராமமாயின் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஊர் பெரிதாயின் பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்திலும் பதியலாம்.

இங்கே இருவகைப் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. ஒன்று, சொந்த ஊரில் பதியலாம் என்று காத்திருப்பது. மரணம் எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவு. மற்றொன்று பெயர். வங்கி வாழ்க்கையில் அடியோங்கள் கண்ட தாமதங்களில் பெரும்பகுதி பெயரால் வந்தது. ஆதாரில் ஒரு வகை, பாஸ் புத்தகத்தில் ஒரு வகை, சான்றிதழில் வேறொரு வகை. முன்னெழுத்து மாறினாலும் மனு திரும்பிவிடும். படிவம் எழுதும்போதே ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் தருவது. இ-சேவை மையம் வழியே விண்ணப்பிக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். மகளின் பெயரையோ தாயின் பெயரையோ விட்டுவிட்டு விண்ணப்பிப்பது பின்னாளில் வழக்காகும்.

7. தொழிற்சாலையிலிருந்து வரவேண்டியவை

ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்றும் கிடையாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் பிடித்திருந்தால் உரிமை உண்டு.

வருங்கால வைப்பு நிதியில் மூன்று உண்டு: சேர்ந்த தொகை, குடும்ப ஓய்வூதியம், வைப்புத்தொகையோடு இணைந்த காப்பீடு. மூன்றாவதைப் பலர் அறியார். தொழிலாளி அதற்குத் தனியாக எதுவும் கட்டுவதில்லை. அதன் உச்ச அளவு 7 லட்சம் ரூபாய். மூன்றுக்கும் சேர்த்தே மனு செய்யலாம். திருமணமானவுடன் நியமனத்தைப் புதுப்பிக்காதவர் பலர். இருப்பவர்கள் இன்றே அதைச் சரிபார்க்க வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் ஈமச்செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. குடும்பத்தார் இல்லையாயின் உண்மையில் செலவு செய்தவரும் கோரலாம். மூன்று மாதத்துக்குள் கேட்கவேண்டும். மேலும், வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியில் நேர்ந்த விபத்தாகவே சட்டம் கருதுகிறது. அப்போது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்தோர் உதவி மாதந்தோறும் வரும். அதன் முழு விகிதம் ஊதியத்தில் 90 விழுக்காடு. எங்கள் தெருப் பெண்ணுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்த நேரத்துக்கும் விபத்து நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வருகைப் பதிவேட்டையும் முதல் தகவல் அறிக்கையையும் வைத்துக் காட்டினோம். பதினான்கு மாதம் ஆயிற்று. ஆனால் வந்தது.

சாலை விபத்தாயின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு செய்யவேண்டும். மோதிய வண்டி எதுவென்று தெரியாவிடினும் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டுத் திட்டம் உண்டு.

8. வங்கியில்

இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையால் பணம் எடுப்பது, குடும்பத்தாரே செய்தாலும், முறையன்று. பின்னர் மற்ற வாரிசுகளோடு பிணக்குக்கு அதுவே வித்தாகும். சான்றிதழுடன் கிளைக்குத் தெரிவிப்பதே வழி. நியமனதாரர் இருந்தால் மனு, இறப்புச் சான்று, அடையாளச் சான்று போதும். ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாட்களுக்குள் வங்கி தீர்க்கவேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம்.

நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, உரிமையாளர் அல்லர். வாரிசுகளுக்காக அவர் கையில் அது அடைக்கலம். தனக்கென்று எதுவுமில்லாமல், உடையவனுக்காக வைத்திருப்பவன் என்னும் நிலை நம் ஸம்ப்ரதாயத்தில் பழகியவர்களுக்குப் புரியாததன்று.

பாஸ் புத்தகத்தில் மே, ஜூன் மாதப் பற்றுகளைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் ஆயுள் காப்பீட்டுத் திட்டம். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீட்டுத் திட்டம். ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் ரூபாய். எப்போதோ கையெழுத்திட்டதைக் குடும்பம் அறிந்திராது. மேற்சொன்ன இளைஞரின் புத்தகத்தில் அந்த 20 ரூபாய் ஒரே ஒரு வரியாக இருந்தது. இறப்பை 30 நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிடுவது நலம்.

9. கோஷ்டிகள் செய்யவேண்டியது

அடியோங்கள் கோஷ்டியில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். மரணச் செய்தி வந்தால் உடனே புறப்பட வேண்டிய இருவர், மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் துணை போகும் ஒருவர், பாசுரம் சேவிக்கும் நால்வர், அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு அன்று உணவளிக்கும் இல்லம் ஒன்று, காகிதம் பார்க்கும் ஒருவர் என முறை வைத்துப் பெயர் எழுதியிருக்கிறோம். எந்த வீடு, எந்தக் குலம் என்ற கட்டம் அதில் இல்லை. அன்று திண்ணையில் நின்றவர்களில் ஒருவர் இம்மாதப் பட்டியலில் முதல் பெயர்.

அந்தப் பெண் இப்போது விடுதிச் சமையற்கூடமொன்றில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் மகனைக் கொண்டுவந்து விடுகிறாள். தகப்பனார் அமர்ந்த கடைசி வரிசையில் அல்ல, முதல் வரிசையில் அமர்த்துகிறோம்.

இப்பாடத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. அடுத்த கோஷ்டிக்கு வருமுன் வாசகர் ஒவ்வொருவரும் தம் தெருவில் உறவினர் அருகில் இல்லாமல் வாழும் ஒரு குடும்பத்தின் பெயரையும், அவர்கள் ஊரையும், அவசரத்தில் யாரை அழைப்பது என்பதையும் கேட்டறிந்து எழுதி வரவேண்டும். அதன் பிறகு ‘பயிலும் சுடரொளி’யை மறுபடி சேர்ந்து சேவிப்போம்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.